வீட்டில் ரெக்கோட் பண்ணும்போது "ம்ம்ம்" என்ற இரைச்சல், சுருதியும் அலையுது: இன்டர்பேஸ் மாற்ற வேணுமா?

வெள்ளவத்தை வாய்ப்பாட்டு

எல்லாருக்கும் வணக்கம். நான் வெள்ளவத்தையில், காலி வீதிக்குக் கடல் பக்கமாக இறங்குற ஒழுங்கையொன்றில் தொடர்மாடி வீட்டில் இருக்கிறன். வாய்ப்பாட்டு படிப்பிக்கிறன். வெளிநாட்டில் இருக்கிற மாணவிகள் கேட்டுப் படிக்கிறதுக்காக வர்ணங்களையும் கீர்த்தனைகளையும் வீட்டிலேயே பாடி ரெக்கோட் பண்ணி அனுப்பத் தொடங்கியிருக்கிறன்.

இரண்டு இன்புட் உள்ள யூஎஸ்பி இன்டர்பேஸ் (மைக் ஒலியை லெப்டொப்புக்குள் அனுப்புற பெட்டி). முதல் இன்புட்டில் கொண்டன்சர் மைக், 48 வோல்ட் போட்டிருக்கு. இரண்டாவதில் போனில் ஓடுற தம்புரா ஆப், போனின் ஹெட்போன் ஓட்டையிலிருந்து ஒரு சின்ன வயரால் கொழுவியிருக்கு. வகுப்பு முழுக்கத் தம்புரா ஓடுறதால போன் எப்பவும் சார்ஜில்தான் இருக்கும். விண்டோஸ் லெப்டொப், ரெக்கோட் பண்ணுற ரீப்பர் மென்பொருள், இரண்டு ஸ்பீக்கர், ஒரு ஹெட்போன். எல்லாம் சாப்பாட்டு மேசையில். தலைக்கு மேலே ஃபேன்.

பிரச்சினை இதுதான். நான் பாடாமல் நிறுத்தியிருக்கிற இடங்களில அடியில் "ம்ம்ம்" என்று ஒரு சத்தம் ஓடுது. ஆலாபனை எடுக்கேக்க, மூச்சு விடுற இடமெல்லாம் அது முன்னுக்கு வந்து நிக்குது. அதோடு, தம்புராவைப் போனில் மட்டும் கேட்டால் கம்பி மாதிரி நிற்குது. ரெக்கோட் பண்ணினதைக் கேட்டால் சட்ஜம் அலையுது. நான் ஆப்பையும் மாற்றிப் பார்த்திட்டன், அதேதான். என்ர சுருதி 5 கட்டை (கட்டை கூடக் கூடச் சுருதி உயரும்). ஆனால் 6 கட்டையில் பாடுற மாணவி ஒருத்தியை இதே மேசையில், இதே சாமான்களை வைத்து எடுத்தபோது இரைச்சல் இருந்தது, சுருதி அலையேல்ல. எனக்கு இதுதான் விளங்கேல்ல.

இடையிடையே "டிக்" என்று ஒரு சத்தமும் விழுது. நல்லா வந்த சங்கதியின் நடுவில் விழுந்தால் முழுதும் திரும்பப் பாட வேண்டியிருக்கு.

கடையில் கேட்டபோது, இன்டர்பேஸ் பழுது, புதுசு எடுக்கிறதுதான் நல்லது என்று சொல்லிச்சினம். இன்றைய விலையில் அது சின்ன விஷயம் இல்லை. வாங்க முதல், அனுபவப்பட்ட யாராவது சொல்லுங்கோ.

தெகிவளை கீபோர்ட்

அக்கா, "டிக்" சத்தத்துக்கு மட்டும் நான் சொல்றேன்.

ரீப்பரில் அந்த இடத்தைப் பெரிசாக்கிப் பாருங்க. அலைக்கோடு நேர்குத்தாக வெட்டுப்பட்ட மாதிரி இருந்தால் அது மைக்கில் வந்த சத்தம் இல்லை. லெப்டொப் நேரத்துக்கு டேட்டாவை எடுக்காமல் விட்ட இடம். முதலில் ட்ரைவரைப் பாருங்க. இன்டர்பேஸ் செய்த கம்பனியின் சொந்த ஏசியோ ட்ரைவரையே (லெப்டொப்பையும் இன்டர்பேஸையும் இணைக்கிற மென்பொருள்) போடுங்க, விண்டோஸ் தானாகப் பிடிச்சுக்கொண்ட ட்ரைவரில் விடவேண்டாம். பஃபர், அதாவது லெப்டொப் ஒரு தடவையில் சேர்த்து எடுக்கிற ஒலித்துண்டுகளின் (சாம்பிள்) எண்ணிக்கை, 64-ல் இருந்தால் 256-க்கு ஏற்றுங்க. செக்கனுக்கு 48,000 என்ற சாம்பிள் ரேட்டில் 256 என்றால் 5.3 மில்லிசெக்கன்தான். உங்க குரலை இன்டர்பேஸில் உள்ள டிரெக்ட் மொனிட்டர் பொத்தான் வழியாகக் கேட்டுப் பாடினால் அந்தத் தாமதமும் உங்களுக்குத் தெரியாது. அப்போது ரீப்பரில் மொனிட்டரை மூடிவிடுங்க, இல்லாவிட்டால் குரல் இரட்டையாகக் கேட்கும்.

அதுக்குப் பிறகும் விழுந்தால் வைஃபையை ஓஃப் பண்ணி எடுத்துப் பாருங்க. பல லெப்டொப்பில் குற்றவாளி வைஃபை ட்ரைவர்தான். லேட்டன்சிமொன் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கு, ஓடவிட்டால் எந்த ட்ரைவர் இடையில் நிற்குது என்று பெயரோடு காட்டும். யூஎஸ்பி ஹப் இருந்தால் கழற்றி நேராக லெப்டொப்பில் குத்துங்க. பவர் செட்டிங்கில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்று இருக்கும், அதையும் மூடுங்க.

இன்னொன்று: விண்டோஸ், இன்டர்பேஸ், ரீப்பர் மூன்றிலும் சாம்பிள் ரேட் ஒன்றாக இருக்கட்டும். 48,000-ல் எடுத்தது 44,100-ஆக ஓடினால் ஒன்றரை அரைச்சுரத்துக்குக் கிட்ட இறங்கும். நீங்க 5 கட்டையில் பாடினது 4-க்கும் 4½-க்கும் நடுவில் வந்து நிற்கும்.

பம்பலப்பிட்டி கிட்டார்

இரைச்சலுக்கு இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை அக்கா. பாட முதல் பத்து செக்கன் சும்மா ரெக்கோட் பண்ணி, நொய்ஸ் ரிடக்ஷன் பிளகினுக்கு அதைக் காட்டிவிடுங்கோ. மிச்சத்தை அது கழிச்சிடும். நான் கிட்டாருக்கு அப்பிடித்தான் செய்யிறன், பிரச்சினை இல்லை.

கொட்டாஞ்சேனை சவுண்ட்

டீச்சர், காசைக் கையிலேயே வைத்திருங்க. நீங்க எழுதினதில ஒரு வரி எல்லாத்தையும் சொல்லுது: 5 கட்டையில் அலையுது, 6 கட்டையில் அலையல்ல. இன்டர்பேஸ் பழுது என்றால் எந்தக் கட்டையில் பாடினாலும் ஒரே மாதிரித்தான் பழுதாக இருக்கும். கட்டை மாறினால் மாறுற ஒரு கோளாறு என்றால், அந்த இரைச்சலுக்கே ஒரு சுருதி இருக்கு என்று அர்த்தம்.

நம்ம நாட்டுக் கரண்ட் 50 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 50 அதிர்வு. அது ஒலிக்குள் கசிந்தால் 50-ல் மட்டும் நிற்காது. 100, 150, 200, 250, 300 என்று மடங்கு மடங்காக ஏறிப்போகும். இப்போது உங்க பக்கத்தைப் பாருங்க. 5 கட்டை, ஆதார சட்ஜம் 196 ஹேர்ட்ஸ். பஞ்சமம் 294. மந்தர பஞ்சமம் 147. அந்தர காந்தாரம் 245. இரண்டு வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க: 147-க்குப் பக்கத்தில் 150, 196-க்குப் பக்கத்தில் 200, 245-க்குப் பக்கத்தில் 250, 294-க்குப் பக்கத்தில் 300. உங்க வீட்டுக் கரண்ட் கொஞ்சம் சுருதி கூட்டி வைத்த இன்னொரு தம்புரா மாதிரி உங்களோடு சேர்ந்து மீட்டிக்கொண்டு இருக்கு. 196-ம் 200-ம் சேர்ந்தால் செக்கனுக்கு 4 தரம் அலையும். பஞ்சமத்தில் 6 தரம். ஹெட்போனில் சட்ஜத்தை மட்டும் ஓடவிட்டு, கடிகார முள்ளைப் பார்த்துக்கொண்டு விரலால் தட்டிப் பாருங்க, செக்கனுக்கு நாலு வரும்.

உங்க மாணவியின் 6 கட்டைக்கு சட்ஜம் 220. அதுக்கு இந்தப் பக்கம் 200, அந்தப் பக்கம் 250. இரண்டுமே தள்ளி. அதனால இரைச்சல் தனியாகக் கேட்டது, சுருதியைத் தொடவில்லை. உங்க காது சரியாகத்தான் பிடிச்சிருக்கு. கடையில் கையில் ஒரு மீட்டரோடு நிற்கிறவருக்கு இந்த வித்தியாசம் கேட்டிருக்காது.

இதனாலதான் பம்பலப்பிட்டித் தம்பி சொன்ன வழியை நான் கர்நாடக சங்கீதத்துக்குச் சொல்லமாட்டேன். தம்பி, கிட்டாருக்கு, அதுவும் ட்ரம்ஸ், பேஸ் எல்லாம் மேலே வந்து மூடுற பாட்டுக்கு, அது நல்ல வழிதான். இங்க ஒரு குரலும் ஒரு தம்புராவும் மட்டும்தான். 200-லும் 300-லும் போய்ச் சுரண்டினால் டீச்சரின் சட்ஜத்தையும் பஞ்சமத்தையும் சேர்த்துச் சுரண்டுது. தம்புராவின் ஜீவனே அந்த மேல் சுரங்களில்தான் இருக்கு, பிளகின் அதை இரைச்சல் என்று நினைச்சு எடுத்துவிடும். பிறகு கேட்டால் தண்ணிக்குள்ள இருந்து பாடின மாதிரி இருக்கும். மாணவி ஒருத்தி அதைக் கேட்டுத்தான் சுருதி சேரப் பழகப்போறாள். இரைச்சல் உள்ளுக்கு வருகிற வாசலிலேயே அதை நிறுத்த வேணும்.

80 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டுற ஃபில்டர் போடலாம், அதில் தடை இல்லை. கரையோர ரயில் போகும்போது மேசையில் ஏறுற அதிர்வு அதோடு போய்விடும். உங்க மந்தர பஞ்சமம் 147 என்பதால குரலுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் 150-க்கும் 200-க்கும் அந்த ஃபில்டர் ஒன்றும் செய்யாது.

சரி, வாசல் எது? நான் சந்தேகப்படுறது போன் வயரை.

உங்க போன் சார்ஜர் இரண்டு முள். லெப்டொப் சார்ஜரும் பெரும்பாலும் அப்படித்தான், அல்லது மூன்று முள் இருந்தும் எர்த் சேராமல் இருக்கும். இந்த மாதிரிச் சார்ஜர்களில், கரண்ட் பக்கத்துக்கும் வெளியே வருகிற பக்கத்துக்கும் இடையில் ஒரு சின்னக் கெபாசிட்டர் வைத்திருப்பாங்க. அதன் வழியாக மிகச் சின்ன அளவில் கரண்ட் எப்போதும் கசியும். லெப்டொப் சார்ஜில் இருக்கும்போது அதன் உலோக மூடியில் புறங்கை பட்டால் மணல் மாதிரி நொறுநொறு என்று இருந்திருக்குமே, அதுதான் இது. உங்க மேசையில் இப்படி இரண்டு சார்ஜர். ஒன்றின் கசிவு போனுக்குள் வந்து, தம்புரா வயரின் வெளிப்பின்னல் வழியாக இன்டர்பேஸுக்குள் போய், யூஎஸ்பி வழியாக லெப்டொப்புக்குப் போய், மற்றச் சார்ஜரில் முடியுது. தம்புராவின் ஒலிக்கும் அந்த வெளிப்பின்னல்தான் திரும்பும் வழி. ஆகவே கசிவும் ஒலியோடு சேர்ந்து ரெக்கோட் ஆகுது. மைக் வயரில் இந்தப் பிரச்சினை குறைவு. மைக்குக்குப் போடுற எக்ஸ்எல்ஆர் வயரில் ஒலி இரண்டு கம்பியில் ஒன்றுக்கொன்று எதிராக வரும், இரண்டிலும் ஒரே மாதிரி ஏறின இரைச்சலை இன்டர்பேஸ் கழித்துவிடும்.

செய்து பார்க்கவேண்டிய ஒழுங்கைச் சொல்றேன். முதலில், இரைச்சல் ரெக்கோடுக்குள்ளேயே இருக்கா, ஸ்பீக்கரில் மட்டும் கேட்குதா என்று பாருங்க. எடுத்ததைப் போனுக்கு அனுப்பி ஹெட்போனில் கேட்டால் தெரியும். ஸ்பீக்கரில் மட்டும் என்றால் அது ஸ்பீக்கர் வயரின் பிரச்சினை, மாணவிக்குப் போகாது, அவசரம் இல்லை. உள்ளே இருக்கு என்றால், ரெக்கோட் ஓடிக்கொண்டு இருக்கும்போதே லெப்டொப் சார்ஜரைக் கழற்றுங்க. பத்து செக்கன் விட்டு போன் சார்ஜரைக் கழற்றுங்க. பிறகு தம்புரா வயரை. பிறகு ஃபேனை. ஒவ்வொன்றையும் கழற்றும்போது மைக்குக்கு முன்னால் "இப்போது சார்ஜர்", "இப்போது போன்" என்று வாயால் சொல்லுங்க, பிறகு கேட்கும்போது குழம்பமாட்டீங்க.

ஃபேனை ஏன் சொன்னேன் என்றால், இப்போது வருகிற சுழற்றுற எலெக்ட்ரோனிக் ரெகுலேட்டர்கள் கரண்டை வெட்டி வெட்டித்தான் வேகத்தைக் குறைக்குது. அது "ம்ம்ம்" இல்லை, "ஸ்ர்ர்ர்" என்று கூர்மையாகக் கேட்கும். நடு வேகத்தில்தான் மோசம், முழு வேகத்தில் வைத்தால் குறையும். கொழும்பு வெயிலுக்கு ஃபேன் இல்லாமல் ஒரு வர்ணம் முழுதாகப் பாடச் சொல்ல எனக்கு மனம் வராது. முழு வேகத்தில் வைத்து, காற்று மைக்கில் நேரே படாதபடி மேசையைத் தள்ளுங்க.

போனை ஏரோபிளேன் மோடில் போடுங்க. 2ஜி சிக்னலுக்குப் போன் இறங்கினால் 217 ஹேர்ட்ஸில் "டிடிட் டிடிட்" என்று அடிக்கும். கெயின் திருகியை (உள்ளே வருகிற ஒலியைக் கூட்டிக் குறைக்கிறது) திருப்பும்போது கறகற என்றால் அது கடற்காற்று. கரையோர வீடுகளில் ஜாக், திருகி எல்லாம் சீக்கிரம் களிம்பு பிடிக்கும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் எலெக்ட்ரோனிக் சாமான் விற்கிற கடைகளில் கொன்டாக்ட் கிளீனர் என்று கேளுங்க.

ஒன்று மட்டும் கவனம். இரைச்சல் நிற்கும் என்று யாராவது எர்த் முள்ளை உடைக்கச் சொன்னால் கேட்காதீங்க. சிலவேளை இரைச்சல் நிற்கும், உண்மைதான். ஆனால் உங்க உதடு மைக்கின் உலோக வலைக்கு ஓர் அங்குலத்தில் இருக்கு.

வெள்ளவத்தை வாய்ப்பாட்டு

கொட்டாஞ்சேனை அண்ணா, தெகிவளைத் தம்பி, இருவருக்கும் மனமார்ந்த நன்றி.

இரைச்சல் ரெக்கோடுக்குள்ளதான் இருக்கு. லெப்டொப் சார்ஜரைக் கழற்றின உடனே முக்கால்வாசி விழுந்திட்டுது. போன் சார்ஜரைக் கழற்ற மிச்சமும் இல்லை. செக்கனுக்கு நாலு தரம் என்று சொன்னீங்கள், நான் சதுஸ்ர நடையில் "தகதிமி" சொல்லிப் பார்த்தன், ஒரு செக்கனுக்கு ஒரு "தகதிமி" அப்படியே பொருந்துது! அதைக் கேட்டபிறகு எனக்கு மனதுக்குள்ள இருந்த பயம் போட்டுது. என்ர காதிலதான் ஏதோ கோளாறோ என்று சில நாள் நித்திரை இல்லாமல் இருந்தனான்.

வைஃபையை நிறுத்தினதும் "டிக்" நின்றுது. பஃபர் 256.

இப்ப இரண்டு விஷயம். லெப்டொப் பழசு, பற்றரி கொஞ்ச நேரத்தில் முடியுது. ஒரு கீர்த்தனையை நிரவல், ஸ்வரத்தோடு எடுக்கப் போதாது. சார்ஜில் போட்டால் திரும்பவும் கொஞ்சம் வருது. மற்றது, பழைய வயர் களிம்பு பிடிச்சிருந்ததால புதுசு ஒன்று வாங்கினன். அதைப் போட்டதிலிருந்து தம்புரா மெலிஞ்சு, எங்கேயோ பக்கத்து வீட்டில் ஓடுற மாதிரிக் கேட்குது. கெயினை முழுக்கத் திறந்தாலும் சட்ஜம் வரேல்ல, காற்று மாதிரி மேல் சத்தம் மட்டும் வருது. வயர் பழுதோ?

கொட்டாஞ்சேனை சவுண்ட்

தகதிமி சொல்லி அளந்தது எனக்குத் தோன்றாத வழி, டீச்சர். இனி நானும் அப்படித்தான் சொல்லிக் கொடுப்பேன்.

வயர் பழுதில்லை. புது வயரின் இன்டர்பேஸ் பக்கத்து ஜாக்கைப் பாருங்க, முனையில் இரண்டு கறுப்பு வளையம் இருக்கும். பழையதில் ஒன்றுதான் இருந்திருக்கும். இரண்டு வளையம் உள்ள ஜாக்கைக் குத்தினால் போனின் இடதும் வலதும் தனித்தனியாக உள்ளே போகும். உங்க இன்டர்பேஸோ அந்த இரண்டு கம்பியையும் மைக் வயர் மாதிரி நினைச்சு, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்குது. தம்புரா இரண்டு பக்கமும் ஒரே மாதிரித்தான் ஓடுது. கழித்தால் என்ன மிஞ்சும்? ஆப்பில் போட்டிருக்கிற எதிரொலி மட்டும். நீங்க கேட்ட அந்தக் காற்றுச் சத்தம் அதுதான். ஒரு பக்கம் சின்ன ஸ்டீரியோ முனை, மறுபக்கம் இரண்டு மொனோ ஜாக் உள்ள வயர் வாங்கி, இரண்டில் ஒன்றை மட்டும் குத்துங்க.

ஆனால் பாடும்போது வயரே இல்லாமல் செய்ய ஒரு வழி இருக்கு, எனக்கு அதுதான் விருப்பம். தம்புராவை ஒரு தடவை, லெப்டொப்பும் போனும் பற்றரியில் இருக்கும்போது, பற்றரி தாங்குற மட்டும் நல்ல சுத்தமாக ரெக்கோட் பண்ணிக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்க. 5 கட்டைக்கு ஒன்று, பிள்ளைகளின் கட்டைகளுக்கு ஒவ்வொன்று. பிறகு ரீப்பரில் ஒரு ட்ராக்கில் அந்தக் கோப்பைத் திரும்பத் திரும்ப ஓடும்படி போட்டு, ஹெட்போனில் கேட்டுக்கொண்டு பாடுங்க. இரண்டாவது இன்புட்டில் ஒன்றும் குத்தத் தேவையில்லை. கசிவு ஓடுற வழியே இல்லாமல் போகும், லெப்டொப் சார்ஜில் இருந்தாலும் மைக் ட்ராக் சுத்தமாக வரும்.

அப்படியும் கொஞ்சம் மிஞ்சினால் சுவர்ச் சொக்கட்டைப் பார்க்க வேணும். பழைய தொடர்மாடிகளில் வட்ட முள் 5 அம்பியர் சொக்கட், இப்போது வருகிற பிளக் சதுர முள் 13 அம்பியர். நடுவில் ஓர் அடப்டர். அதில் எர்த் முள் வெறும் அலங்காரத்துக்கு இருக்கிறதை நான் எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். சதுரச் சொக்கட்டில் பேனா மூடியை எர்த் ஓட்டைக்குள் குத்தித் திறந்து இரண்டு முள் பிளக்கைத் தள்ளுற பழக்கம் வீட்டில் இருந்தால் அதையும் நிறுத்துங்க, சொக்கட்டின் எர்த் பிடி அதோடு தளர்ந்துபோகும். தெரிஞ்ச எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டு எர்த் உண்மையில் வருதா, ட்ரிப் சுவிட்ச் வேலை செய்யுதா என்று பார்க்கச் சொல்லுங்க. பிறகு மேசையில் உள்ள எல்லாவற்றையும் ஒரே மல்டி பிளக்கில் போடுங்க. லெப்டொப்பும் ஸ்பீக்கரும் சேர்ந்தாலும் 5 அம்பியருக்கு வெகு கீழேதான் வரும், பயம் இல்லை.

தம்புரா இப்போது கோப்பாக இருக்கிறதால கெயினையும் திரும்ப வைக்க வேணும். தாரஸ்தாயியில் நீங்க பலமாகப் பாடுற இடத்தைப் பாடி, மீட்டர் உச்சியில் மைனஸ் 12 டெசிபலுக்குக் கிட்ட நிற்கும்படி வையுங்க. 24 பிட்டில் எடுக்கும்போது அதுக்கு மேலே தள்ளத் தேவையே இல்லை. முதல் கீர்த்தனை வந்ததும், நீங்க பாடாத இடம் கொஞ்சம் வரும்படி ஒரு துண்டை இங்கே போடுங்க, நானும் கேட்டுப் பார்க்கிறேன்.